லாஃப்டுக்குப் பேப்பர் இல்லை, இன்டெம்னிட்டி தருகிறேன் என்கிறார்கள்: வாங்கலாமா?

கேள்வி இதுதான். லண்டனின் வெளிவட்டத்தில் 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி டிடாச்ட் வீடு ஒன்றுக்கு விலை பேசி முடித்துவிட்டார்கள், வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் சொலிசிட்டரின் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தளத்தில் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த சுவரையும், மாடிப்படியை ஒட்டி நின்ற சுவரையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே அறையாக்கியிருக்கிறார்கள். லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள இடத்தில், நான்காவது படுக்கையறை. ஜன்னல்கள் மாற்றியவை, பாய்லரும் மாற்றியது. இதில் எதற்கும் காகிதம் கிடையாது. விற்பவர் "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது, வேண்டுமானால் இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துத் தருகிறேன்" என்கிறார், அனுமதி இல்லாத வேலைக்காக எடுக்கும் காப்பீடு அது. வாங்குபவரின் சொலிசிட்டர் அது போதும் என்கிறார். போதுமா, இல்லை கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமா?

முதலில் அந்த போனைக் கீழே வையுங்கள். இந்த வேலைகளைப் பற்றி யாராவது கவுன்சிலிடம் பேச்சை எடுத்துவிட்டால் பெரும்பாலான இன்டெம்னிட்டி பாலிசிகள் கிடைக்காது, ஏற்கெனவே எடுத்திருந்தால் செல்லாமலும் போகலாம். பேசியது நீங்களா, விற்பவரா, உதவி செய்வதாக நினைத்து விசாரித்த உங்கள் மைத்துனரா என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கே இல்லை. சொலிசிட்டர் வழக்கமாக எடுக்கும் லோக்கல் சர்ச், அதாவது கவுன்சில் பதிவுகளில் தேடுவது, வேறு விஷயம், அது எல்லா வீட்டுக்கும் எடுப்பது. கட்டிட அனுமதியும், வேலை முடிந்ததும் தரும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும் பதிவில் இருந்தால் அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். குறிப்பிட்ட முகவரியைச் சொல்லி "இங்கே லாஃப்ட் போட்டிருக்கிறார்களே, அனுமதி இருக்கிறதா" என்று கவுன்சிலின் கட்டுமானப் பிரிவான பில்டிங் கன்ட்ரோலைக் கேட்பதுதான் கதவைச் சாத்திவிடும். அந்தக் கதவு உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்த பிறகு பேசிக்கொள்ளலாம், முன்னால் வேண்டாம்.

சரி, போதுமா என்றால்: ஜன்னலுக்கும் பாய்லருக்கும் போதும், சொல்லப்போனால் அதற்குப் பாலிசியே தேவைப்படாமல் போகலாம். சுவருக்கும் லாஃப்டுக்கும் போதாது. அதுவும் உங்கள் வீட்டில் அந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் எனக்குக் கவலை, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பாலிசி எதற்குப் பணம் தரும் என்று ஒரு முறை வாசித்துப் பாருங்கள், இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். வேலைக்கு அனுமதி இல்லை என்ற காரணத்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அதனால் வரும் செலவு, வீட்டு மதிப்பில் வரும் இழப்பு, இவ்வளவுதான். லாஃப்ட் தரை தொய்ந்தால் தராது. பீமுக்குக் கீழே சுவர் வெடித்தால் தராது. மழை ஒழுகினால் தராது. பிரீமியம் ஒரே ஒரு முறைதான், பொதுவாக வீட்டு விலையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தாத தொகை. ஏன் இவ்வளவு மலிவு? பல வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டு வேலையைத் தேடி வந்து கவுன்சில் நோட்டீஸ் ஒட்டுவது அபூர்வம், காப்பீட்டு நிறுவனத்துக்கு அது நன்றாகத் தெரியும். நடக்க வாய்ப்பில்லாததற்குக் காப்பீடு தருகிறார்கள், நடக்க வாய்ப்புள்ளதை வெளியே விட்டுவிடுகிறார்கள். மோசடி என்று சொல்லவில்லை, பாலிசியின் வேலையே அதுதான். மார்ட்கேஜ் கொடுப்பவரின் ஃபைலை மூட அது உதவும், அடுத்து உங்களிடம் வாங்குபவருக்கும் மாறிப் போகும். ஆனால் கூரையைத் தாங்காது.

உங்கள் சொலிசிட்டர் சொன்னது தவறா என்றால், அவர் கோணத்தில் தவறில்லை. அவர் சட்ட ரிஸ்க்கைப் பார்க்கிறார், அதற்குச் சட்டத் தீர்வு ஒன்று சொல்கிறார். கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை, பார்ப்பது அவர் வேலையும் இல்லை. பல வீடுகளில் இந்த இடைவெளியில்தான் விஷயம் நழுவுகிறது. சர்வேயர் "அனுமதி இருக்கிறதா என்று உங்கள் சட்ட ஆலோசகரிடம் உறுதி செய்யுங்கள்" என்று எழுதுவார், சட்ட ஆலோசகர் "கட்டடத்தின் நிலையை சர்வேயரிடம் உறுதி செய்யுங்கள்" என்று எழுதுவார். நடுவில் நிற்பது நீங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம், ஏனென்றால் விற்பவர்கள் அடிக்கடி "இதற்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்லை" என்பார்கள். எந்த பெர்மிஷன்? பிளானிங் பெர்மிஷன் என்பது அந்தக் கட்டடம் அங்கே இருக்கலாமா, வெளியிலிருந்து எப்படித் தெரியலாம் என்பதைப் பற்றியது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்பது அது நிற்குமா, தீப்பிடித்தால் ஆள் வெளியே வர முடியுமா, குளிர் தாங்குமா என்பதைப் பற்றியது. உள்சுவரை எடுக்க, வீடு பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்ட லிஸ்டட் கட்டடமாக இல்லாவிட்டால், பிளானிங் தேவையில்லை. லாஃப்டுக்கும் பல சமயம் தேவையில்லை: செமி டிடாச்ட், டிடாச்ட் வீடுகளில் கூடுதலாகும் கூரைக் கொள்ளளவு 50 கன மீட்டருக்குள், வரிசை வீடுகளில் 40 கன மீட்டருக்குள், தெருவைப் பார்த்த கூரைச் சரிவை நீட்டாமல் என்று சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்ற பெயரில் தானாகவே அனுமதி கிடைத்துவிடும். பிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் அனுமதி இரண்டு வேலைக்குமே வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆக விற்பவர் சொல்வது பாதி உண்மையாக இருக்கலாம், அந்த மற்ற பாதிதான் நமக்கு முக்கியம்.

"நாலு வருஷம் ஆகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு வாக்கியம் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது பிளானிங் பற்றியது, அதுவும் பழையது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் அந்தக் கால எல்லை 10 வருடமாகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன்னால் பெரும்பகுதி முடிந்துவிட்ட கட்டுமானத்துக்கு மட்டும் பழைய நான்கு வருடக் கணக்கு. லிஸ்டட் கட்டடத்தில் அனுமதியில்லாமல் செய்ததற்குக் கால எல்லையே கிடையாது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் பக்கம் கணக்கு வேறு: 1984ஆம் ஆண்டு பில்டிங் ஆக்டின் 36ஆம் பிரிவின்படி, விதிக்கு மாறான வேலையை எடுக்கவோ திருத்தவோ சொல்லி கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். இதற்கு முன்பு 12 மாதம்தான் அவகாசம் இருந்தது. கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு வந்த 2022ஆம் ஆண்டு பில்டிங் சேஃப்டி ஆக்ட் அதை இங்கிலாந்தில் 10 வருடமாக நீட்டியது, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நோட்டீஸ் கொடுக்கும் காலம் கடந்தாலும் நீதிமன்றத் தடையாணை கேட்கும் வழி திறந்தே இருக்கிறது, கட்டடம் ஆபத்தானது என்றால் தலையிட தனி அதிகாரமும் உண்டு. நடைமுறையில் பயன்படுத்துவது குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே வேலை எப்போது நடந்தது என்பது பணத்துக்கும் சட்டத்துக்கும் முக்கியம். விற்பவருக்குத் தெரியாது என்றால் வீடே சொல்லும். வீலக்ஸ் மாதிரியான கூரை ஜன்னலைத் திறந்தால் ஜன்னல் சட்டகத்தின் மேல்பக்கம் சின்னத் தகடு ஒன்று இருக்கும், அதில் உள்ள குறியீட்டை வைத்து எப்போது தயாரித்தது என்று கண்டுபிடிக்கலாம். இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓடும் அலுமினியப் பட்டையில் பல சமயம் வருடம் அச்சாகியிருக்கும். பாய்லரின் தகட்டிலும் அப்படியே. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய வருடப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது, கூரையில் ஜன்னல் எந்த வருடம் முளைத்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். வீடு முன்பு விற்பனைக்கு வந்தபோது போட்ட விளம்பரம் இணையத்தில் இன்னும் கிடந்தால் தரைத்தளப் படமே கிடைத்துவிடும். இதற்கெல்லாம் கவுன்சிலிடம் போகவே வேண்டாம்.

இப்போது சின்ன விஷயங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். ஜன்னல் மாற்றுவதற்கு 2002 ஏப்ரல் 1 முதல்தான் சான்று தேவை. ஜன்னல் போடுபவர்களுக்கான ஃபென்சா அல்லது செர்டாஸ் திட்டத்தில் பதிவு உள்ள நிறுவனம் போட்டிருந்தால் அவர்கள் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம், பதிவு இருந்தால் சின்னக் கட்டணத்துக்கு நகல் கிடைக்கும். பாய்லருக்கு 2005 ஏப்ரல் முதல். கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு அப்போது கோர்கி, 2009 ஏப்ரல் 1 முதல் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர். அங்கும் நகல் வாங்கலாம். மின்வேலைக்கு 2005 ஜனவரி 1 முதல் பார்ட் பி என்ற விதி. அதற்குச் சான்று இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனை வைத்து, வயரிங்கின் நிலையைச் சொல்லும் இ.ஐ.சி.ஆர் அறிக்கை எடுத்துவிடுங்கள், பாய்லருக்கு ஒரு கேஸ் சேஃப் இன்ஜினியரை வைத்து சர்வீஸ். அந்த இரண்டு சோதனையும் காணாமல் போன சான்றிதழைவிடப் பயனுள்ளவை, ஏனென்றால் அவை இன்றைய நிலையைச் சொல்கின்றன. பாய்லருக்குச் சான்று இல்லை என்பதற்காக வீட்டை விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், பாய்லரை மாற்றினாலே போயிற்று. பின்பக்கம் கன்சர்வேட்டரி என்ற கண்ணாடி அறை இருந்தால், தரைமட்டத்தில், 30 சதுர மீட்டருக்குள், வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிக்கதவு அப்படியே இருந்து, வீட்டின் ஹீட்டிங் அதற்குள் நீளாமல் இருந்தால் அதற்கு பில்டிங் ரெகுலேஷன்ஸ் விலக்கு உண்டு. நடுக்கதவை எடுத்திருந்தால் அந்த விலக்கு போய்விடும்.

சுவருக்கு வருவோம். 1930களின் செமியில் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுச்சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவர். மேல்தளத்துத் தரைச் சட்டங்கள் அதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கும், மேலே படுக்கையறைச் சுவரும் அதே நேர்க்கோட்டில் நிற்கும், சில வீடுகளில் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகளும் அந்தச் சுவரில்தான் இறங்கும். அதை எடுத்தால் ஸ்டீல் பீம் போட்டிருக்க வேண்டும். சீலிங்கில் பட்டையாக ஒரு பெட்டி இறங்கி இருக்கிறது, உள்ளே பீம் இருக்கும் என்று நம்புவது போதாது. பீம் எந்த அளவு, இரண்டு முனையிலும் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அடியில் பாரத்தைப் பரப்பும் கான்கிரீட் பேட்ஸ்டோன் இருக்கிறதா அல்லது பழைய செங்கல்லின்மேல் அப்படியே வைத்துவிட்டார்களா, பீமைச் சுற்றி அரை மணி நேரமாவது தீயைத் தாங்கும் உறை இருக்கிறதா, இவைதான் கேள்விகள். இதைத் தெரிந்துகொள்ள இரண்டு முனையிலும் கொஞ்சம் பிளாஸ்டரை உடைத்துப் பார்த்தால் போதும், அரை நாள் வேலை. சார்ட்டர்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து அளந்து கணக்குப் போட்டு, "இந்த பீம் இந்தப் பாரத்துக்குப் போதும்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் என்னைப் பொறுத்தவரை சுவர் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. விற்பவரின் சம்மதம் வேண்டும், உடைத்ததைப் பூசிக் கொடுக்கும் செலவு உங்களுடையது. "உடைக்க விடமாட்டேன்" என்று அவர் பிடிவாதமாகச் சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே புகைபோக்கியையும் பாருங்கள். அறையைப் பெரிதாக்கும்போது கீழ்த்தளத்தில் நெருப்படுப்பு இருந்த செங்கல் பகுதியை இடித்துவிட்டு மேல்தளத்திலும் லாஃப்டிலும் அப்படியே விட்டுவிடுவது இங்கே வெகு சகஜம். மேலே நிற்கும் டன் கணக்கான செங்கல்லை எது தாங்குகிறது என்று கேளுங்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால் இன்ஜினியரிடம் முதலில் காட்ட வேண்டிய இடம் அது.

லாஃப்ட்தான் பெரிய விஷயம். 1930களில் கட்டும்போது லாஃப்டுக்கு அடியில் போட்ட மரச்சட்டங்கள் கீழ் அறையின் சீலிங்கைத் தாங்கத்தான், ஆட்களையும் கட்டிலையும் அலமாரியையும் தாங்க அல்ல. முறையாகச் செய்தவர்கள் அதற்குப் பக்கத்தில் தனியாக ஆழமான சட்டங்களைப் போட்டு, தேவைப்பட்டால் ஸ்டீல் பீமும் வைத்து, புதுத்தரையைத் தனியாக நிறுத்தியிருப்பார்கள். முறையில்லாதவர்கள் பழைய சட்டத்தின் மேல் சிப்போர்டை ஆணி அடித்துக் கம்பளம் விரித்திருப்பார்கள், மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. கீழ்ப் படுக்கையறை சீலிங்கில் வரிசையாக விரிசல், நடந்தால் விளக்கு ஆடுவது, தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் நடுவை நோக்கி உருள்வது, இவை எல்லாம் தடயங்கள். அடுத்தது கூரை. கைமரங்களை நடுவில் தாங்கும் குறுக்குச் சட்டமும், அதைத் தாங்கும் சாய்ந்த முட்டுகளும் லாஃப்டின் நடு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அறை வேண்டும் என்று அந்த முட்டுகளை அறுத்துவிட்டு மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால் கூரை மெதுவாக உட்காரும், சுவர்களை வெளியே தள்ளும். தெருவில் எதிர்ப்பக்கம் நின்று கூரைச் சரிவைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பள்ளம் இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

இவையெல்லாம் பணம் போட்டால் சரியாகும். தீ விஷயம்தான் வேறு மாதிரி. இரண்டு தள வீட்டில் மேல்தள ஜன்னல் வழியாகத் தப்பிக்கலாம் என்று விதி ஏற்றுக்கொள்கிறது. லாஃப்டில் அறை வந்தவுடன் வீடு மூன்று தளமாகிவிடுகிறது, அந்தத் தரை வெளியே நிலத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேலே போனால் ஜன்னல் வழி தப்பிப்பது கணக்கில் வராது. மாடிப்படியே தப்பிக்கும் பாதையாக வேண்டும்: லாஃப்டிலிருந்து வாசல்கதவு வரை அரை மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர்களுக்குள் படி இறங்க வேண்டும், அதில் திறக்கும் அறைக்கதவுகள் தீத்தடுப்புக் கதவுகளாக இருக்க வேண்டும், ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் ஓடும், ஒன்றோடொன்று இணைத்த புகை அலாரம் வேண்டும்.

உங்கள் வீட்டில் படிக்குப் பக்கத்துச் சுவரை எடுத்துவிட்டார்கள். படி நேராக ஹாலுக்குள் இறங்குகிறது. ராத்திரி சோஃபாவில் சார்ஜில் போட்ட பேட்டரி தீப்பிடித்தால், மேலே லாஃப்டில் தூங்கும் பிள்ளைக்கு அந்தப் படியைத் தவிர வேறு வழி கிடையாது, அந்தப் படி தீ இருக்கும் அறைக்குள்தான் வந்து முடிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் சுவரை எடுத்தது ஒரு சின்ன வேலை, லாஃப்ட் ஒரு வழக்கமான வேலை. ரெண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடுகின்றன. பாலிசி எழுதுகிறவர் இதைக் கேட்கவும் மாட்டார், மார்ட்கேஜ் வேல்யுவேஷனுக்கு வருகிறவர் இதற்காக நிற்கவும் மாட்டார். தீர்வு இல்லாமல் இல்லை. படியைச் சுற்றி மறுபடி சுவர் எழுப்பிக் கதவு போடலாம், அல்லது தெளிப்பான் அமைப்பு, கூடுதல் தடுப்பு என்று தீப்பாதுகாப்பு தெரிந்த ஒருவர் வடிவமைத்துக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட திறந்த ஹால் போய்விடும், அல்லது லாஃப்ட் வெறும் சாமான் அறை ஆகிவிடும். இதை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொண்டு விலையில் கழிப்பது ஒன்று, வாங்கிய பிறகு தெரிந்துகொள்வது வேறு.

எஸ்டேட் ஏஜென்ட் விளம்பரத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். "நான்கு படுக்கையறை" என்று போட்டிருக்கிறாரா, "மூன்று படுக்கையறை, லாஃப்ட் ரூம்" என்று போட்டிருக்கிறாரா? இரண்டாவது என்றால் அவருக்கே தெரியும். எது போட்டிருந்தாலும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லாத லாஃப்டுக்கு நான்கு படுக்கையறை விலை கொடுக்காதீர்கள். லேண்ட் ரெஜிஸ்ட்ரி 1995 முதலான விற்பனை விலைகளை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது, அதே தெருவில் மூன்று படுக்கையறை வீடு என்ன விலைக்குப் போனது என்று எடுத்து, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

என்னென்ன வழி இருக்கிறது என்றால், மிகச் சுத்தமானது ரெகுலரைசேஷன். 1985 நவம்பர் 11க்குப் பிறகு அனுமதியில்லாமல் நடந்த வேலைக்கு, இப்போது கவுன்சிலிடம் விண்ணப்பித்துப் பின்தேதியில் சரிபார்த்துச் சான்று வாங்கலாம். வேலை நடந்த காலத்து விதிகளை வைத்துத்தான் பார்ப்பார்கள், இன்றைய விதிகளை வைத்து அல்ல, இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. அதிகாரி வந்து இங்கே திறந்து காட்டு, அங்கே உடைத்துக் காட்டு என்பார், குறை இருந்தால் திருத்தச் சொல்வார். கட்டணம் சாதாரண விண்ணப்பத்தைவிடக் கூடுதல். விற்பவரையே இதைச் செய்யச் சொல்லலாம், ஆனால் அவர் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது: விண்ணப்பித்தவுடன் இன்டெம்னிட்டி வழி அடைபட்டுவிடும், நடுவில் நீங்கள் பின்வாங்கினால் குறைப்பட்டியல் அவர் தலையில். வாரக்கணக்கில் இழுக்கும், ஒன்றை ஒன்று நம்பி விற்று வாங்கும் வரிசையில், அதாவது செயினில், இருக்கும் மற்றவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

அதனால் நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இப்படி. இன்ஜினியரை அனுப்பி நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள், சரிசெய்ய என்ன ஆகும் என்று ஒரு பில்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், அந்தத் தொகையையும் ரெகுலரைசேஷன் செலவையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள், வாங்கிய பிறகு நீங்களே விண்ணப்பித்துச் செய்துகொள்ளுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த பாலிசியால் பயன் இல்லை, அதற்குப் பதிலாகப் பணமாகவே கழிக்கச் சொல்லலாம். விலைக்குறைப்புக்கு ஒத்துக்கொள்ளாமல், வேலை முடியும் வரை ஒரு தொகையை சொலிசிட்டர் கணக்கில் நிறுத்தி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் யார் எப்போது எந்த ஆதாரத்தின் பேரில் விடுவிப்பது என்று எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், எனக்கு விலைக்குறைப்புதான் பிடிக்கும்.

எதைச் செய்தாலும் மார்ட்கேஜ் கொடுப்பவரிடம் மறைக்க முடியாது. உங்கள் சொலிசிட்டர் வழக்கமாக அவர்களுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறார், சான்று இல்லாத வேலையையும் விலை மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது. சிலர் பாலிசியோடு சமாதானமாவார்கள், சிலர் இன்ஜினியர் அறிக்கை கேட்பார்கள். கட்டடக் காப்பீடு எடுக்கும்போதும் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், அங்கே மறைத்தால் தேவைப்படும் நாளில் கை விரித்துவிடுவார்கள்.

வீட்டைப் பற்றிய கேள்விகளுக்கு விற்பவர் நிரப்பிக் கொடுத்த டி.ஏ.6 படிவத்தையும் கேட்டு வாங்கி நீங்களே வாசியுங்கள். மாற்றங்கள் பற்றிய பகுதியில் "தெரியாது" என்று எழுதியிருந்தால், சரி, தெரியாமலே இருக்கலாம். ஆனால் வேலை அவர் காலத்தில் நடந்தது என்று உங்களுக்கு ஜன்னல் தகட்டிலிருந்து தெரிய வந்தால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு சொலிசிட்டர் வழியாக மறுபடி கேளுங்கள். எழுத்தில் தவறான பதில் கொடுத்துவிட்டால் பிறகு தவறான தகவல் தந்ததற்காக அவர்மேல் வழக்குப் போட இடம் கிடைக்கும், அதனால் இரண்டாவது தடவை கேட்கும்போது பதில்கள் திடீரென்று தெளிவாவதுண்டு.

சான்று இருந்துவிட்டால் எல்லாம் சரியா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. கம்ப்ளீஷன் சர்டிபிகேட் உத்தரவாதம் அல்ல, அதிகாரி சில கட்டங்களில் வந்து பார்த்தார், அப்போது விதிப்படி இருந்ததாகத் திருப்தி அடைந்தார் என்பதற்கான ஆதாரம் மட்டும்தான். கவுன்சில் சரியாகப் பார்க்காமல் விட்டதால் வீட்டில் குறை இருக்கிறது, மதிப்பு குறைந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்க முடியாது என்பதை 1990இல் மர்ஃபி எதிர் பிரென்ட்வுட் வழக்கில் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொல்லிவிட்டது. அதனால்தான் காகிதத்தைவிட இன்ஜினியரின் கண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

பின்பக்கம் எக்ஸ்டென்ஷனும் இருந்தால் இன்னொன்று: அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று பாருங்கள். 2011 அக்டோபர் 1 அன்று பக்கத்து வீடுகளோடு பகிரும் குழாய்களில் பெரும்பாலானவை தண்ணீர் நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன, அவற்றின்மேலோ 3 மீட்டருக்குள்ளோ கட்ட அவர்கள் ஒப்புதல் வேண்டும். அது கவுன்சில் சான்றிலிருந்து தனி. இவ்வளவும் இங்கிலாந்துக்குச் சொன்னது. ஸ்காட்லாந்தில் பில்டிங் வாரன்ட் என்று முறையே வேறு, அங்கே வாங்குபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, ஆகும் வரை நீங்கள் எதற்கும் கட்டுப்பட்டவர் இல்லை, இதுவரை செலவழித்த கட்டணம் மட்டும்தான் போகும். எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டால் வழக்கமாக 10 சதவீத டெபாசிட் மாட்டிக்கொள்ளும். ஆகவே இன்றைக்கே சொலிசிட்டருக்கு மின்னஞ்சல் போட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அறிக்கை வரும் வரை எக்ஸ்சேஞ்ச் தேதி பேச வேண்டாம் என்று எழுதுங்கள். அடுத்த தடவை வீட்டைப் பார்க்கப் போகும்போது லாஃப்ட் ஜன்னலின் தகட்டையும், லாஃப்டுக்கு ஏறும் படியையும், படுக்கையறைக் கதவுகளின் தடிமனையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எந்தக் காலத்து வேலை, தீக்கதவா சாதாரணக் கதவா என்று பார்த்துச் சொல்கிறேன்.